மூன்றிலிருந்து நான்கு வரை

அட்டவணை போடுவதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் முப்பது வகுப்புகளுக்கும் நாற்பது ஆசிரியர்களுக்கும் ஒருவர் நேரம் இன்னொருவர் நேரத்தில் இடிக்காமல் பாடவேளை பிரித்துக்கொடுப்பவள் அவள்தான். ஆகவே, இதய ஆபரேஷன் முடிந்த அண்ணன் கண் திறக்காமல் மூச்சுக்கருவியோடு கிடந்தபோது, அவள் அழுதது அரைநாள்தான். மீதி அரைநாளில் அட்டவணை தயாராகிவிட்டது.

இருபத்து நான்கு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் பிரார்த்தனை முடிக்கும் நிமிடத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். நாள் முழுக்க ஒரு நொடிகூட அறாமல் யாராவது ஒருவர் அண்ணனுக்காகக் கடவுளிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைமாற்றுவதற்கும் முறை உண்டு. முடித்தவர் அடுத்தவருக்குப் போன் போட்டு "முடிச்சிட்டேன்" என்பார். அடுத்தவர் "வாங்கிக்கிட்டேன்" என்பார். அதைக் கேட்காமல் போனை வைக்கக்கூடாது. பாதியில் கீழே போட்டுவிட்டுப் போகிற சாமான் இல்லையே இது.

அண்ணனின் தம்பிக்கு விழுந்தது பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு. அவன் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு முன்னால் சித்தி, பின்னால் தங்கை.

தினமும் சரியாக மூன்று மணிக்குச் சித்தி கூப்பிடுவாள். "முடிச்சிட்டேன்டா. இடுப்பு விட்டுப்போச்சு. இனிமே உன் பாடு, கடவுள் பாடு."

"வாங்கிக்கிட்டேன் சித்தி."

நான்கு மணிக்கு அவன் தங்கையைக் கூப்பிடுவான். "முடிச்சிட்டேன்மா."

"வாங்கிக்கிட்டேன் சின்னண்ணே. பேசாதே, தொடங்கணும்."

உனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று மெக்கானிக்கை யாராவது கேட்டால், "இருக்கு, ஏன் இல்லாம" என்பான். எங்கே இருக்கிறது என்று கேட்டால் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிற ரகம். ஆனால் அண்ணன் மேல் உயிர். அதனால் முதல் நாள் நிஜமாகவே முயன்றான். ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து கண்ணை மூடினான்.

"அண்ணனைக் காப்பாத்து" என்றான். அதைச் சொல்ல இரண்டு நொடி ஆனது. மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நாற்பதாவது தடவைக்குமேல் சொற்கள் தேய்ந்து வெறும் சத்தமாகிவிட்டன. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. மோட்டார் ஓடும்போதெல்லாம் ஒரு மெல்லிய கீச்சு. பிரேக் முழுசாக விலகவில்லை, உரசுகிறது. உரசினால் சூடாகும், சூடானால் பட்டை தேயும், தேய்ந்தால் ஒருநாள் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கண்ணைத் திறந்து மணி பார்த்தான். மூன்று ஏழு. மூன்று எட்டுக்கு அவன் கையில் ஸ்பேனர் இருந்தது.

நான்கு மணிக்குத் தங்கையிடம் "முடிச்சிட்டேன்" என்றான். பிரேக்கைத்தான் முடித்திருந்தான்.

இரண்டாம் நாள், ஐந்தாவது மாடிக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் கயிறு மாற்றும் வேலை. அதற்கப்புறம் காரணமும் தேவைப்படவில்லை. மூன்று மணிக்கு வாங்கிக்கொள்வான், நான்கு மணிக்குக் கொடுத்துவிடுவான். நடுவில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் லிஃப்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாடியின் கதவிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. கதவு முழுசாக மூடினால்தான் அது சேரும். எல்லா மாடிச் சுவிட்சுகளையும் ஒரே ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். மின்சாரம் மேலிருந்து புறப்பட்டு அத்தனை கதவுகளையும் தொட்டு, "எல்லாம் மூடியிருக்கு" என்று திரும்பி வந்து சொன்னால்தான் லிஃப்ட் நகரும். ஒன்பதாவது மாடிக் கதவு ஒரு விரல்கடை திறந்திருந்தாலும் போதும், தரைத்தளத்தில் நிற்கிற லிஃப்ட் அசையாது. எந்தக் கதவில் கோளாறு என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் ஒரு துண்டு ஒயர் வைத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் கிளிப். சந்தேகப்பட்ட சுவிட்சின் இரண்டு பக்கமும் அதை மாட்டினால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மின்சாரம் நம்பிவிடும். கோளாறு பிடிபட்டதும் ஒயரை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால், லிஃப்ட் ஒரு மாடியில் இருக்க, இன்னொரு மாடியில் கதவு திறந்து கிடக்கும். போன் பார்த்துக்கொண்டே வருகிறவர் வெறும் குழிக்குள் காலை வைப்பார். இந்தத் தொழிலில் மன்னிப்பே இல்லாத தப்பு அது ஒன்றுதான்.

நான்காம் நாள் "முடிச்சிட்டேன்மா" என்று சொல்லிப் போனை வைத்தபோது, தான் செய்துகொண்டிருப்பது அதேதான் என்று அவனுக்கு உறைத்தது. சித்திக்கும் தங்கைக்கும் நடுவில் அவன் ஒயர் மாட்டியிருந்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாரும் சங்கிலி சேர்ந்திருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அது நின்றுபோனது. ஆனால் அண்ணனோ தேறிக்கொண்டுதான் இருந்தான். மூச்சுக்கருவியில் எண்பது சதவீதம் வைத்திருந்த ஆக்சிஜன், அவ்வளவு தேவையில்லை என்று ஆறாம் நாள் அறுபதாக்கினார்கள், எட்டாம் நாள் நாற்பத்தைந்து. விரலை அசைத்தான். "பாத்தீங்களா, அறாமப் பிடிச்சிருக்கோம்" என்றாள் அண்ணி. மெக்கானிக்கும் தலையாட்டினான்.

ஒன்பதாம் நாள்தான் தங்கை தூங்கிப்போனாள்.

அவள் மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் அவளுடைய மணி நேரம். நான்கு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்து எழுந்த உடம்பு. நான்கு மணிக்கு வாங்கிக்கொண்டாள், கண்ணை மூடினாள். திறந்தபோது நான்கு இருபத்தைந்து. இறங்க வேண்டிய இடம் தாண்டியிருந்தது. மறைக்கத் தெரியாதவள். பஸ்ஸிலிருந்தே அண்ணிக்குப் போன் போட்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. நுரையீரலில் கிருமி என்றார் டாக்டர். நாள்கணக்கில் குழாய் போட்டிருப்பவர்களுக்கு வருவதுதான் என்றார். பன்னிரண்டாம் நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "எட்டு நாள் பிடிச்சு நின்னுச்சு, ஒன்பதாவது நாள் விட்டுப்போச்சு."

யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அதற்கப்புறம் தங்கை அண்ணி வீட்டிலேயே கிடந்தாள். கடை முடிந்ததும் நேரே அங்கே போவாள். பாத்திரம் துலக்குவாள், துணி துவைப்பாள், எல்லாருக்கும் பரிமாறுவாள், தான் மட்டும் உட்கார மாட்டாள். அண்ணி திட்டவில்லை, அடிக்கவில்லை. பேசவும் இல்லை. வேலை செய்யட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்பான் மெக்கானிக்.

"பசிக்கல சின்னண்ணே."

"நேத்தும் இதையே சொன்னே."

"நேத்தும் பசிக்கல."

கன்னம் ஒட்டிப்போனது. வளையல் முழங்கை வரை ஏறியது. அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தான். இல்லாத சங்கிலியைத் தான் அறுத்ததாக எப்படி ஒப்புக்கொள்வது? அது முட்டாள்தனம் இல்லையா? அண்ணனைக் கொன்றது கிருமி. பஸ்ஸில் ஒருத்தி தூங்கியதற்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? இப்படித் தனக்குள் தெளிவாகச் சொல்லிக்கொள்வான். வெளியே மட்டும் சொல்ல மாட்டான்.

கூட வேலை பார்க்கும் மீசைக்காரரிடம் ஒருநாள் சொல்லிவிட்டான். அவர் லிஃப்ட் குழியில் உட்கார்ந்து கிரீஸ் பூசிக்கொண்டிருந்தார்.

"நீ இதையெல்லாம் நம்புறியா, இல்லியா?" என்றார்.

"இல்லண்ணே."

"அப்ப சொல்றதுக்கு என்னடா பயம்? பலிக்காத ஒண்ண நீ செய்யல, அவ்வளவுதானே."

மீசைக்காரர் கிரீஸ் டப்பாவை மூடினார்.

"சரி, நம்புறேன்னே வச்சுக்க. அப்பவும் சொல்லித்தானே ஆகணும்? எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாடியிலதான் வந்து நிக்குது. நீ மட்டும் நடுவுல தொங்கிக்கிட்டிருக்கே."

ஒரு மாதம் ஆனபோது மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. தங்கை கவுண்டரில் மயங்கி விழுந்துவிட்டாள். மெக்கானிக் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வீட்டுக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. "அண்ணி துணி ஊற வச்சிருப்பாங்க" என்றாள். அந்த வார்த்தை அவனை என்னவோ செய்தது. வண்டியை அண்ணி வீட்டுக்கே திருப்பினான்.

மூன்றாவது மாடி. சமையலறையில் அண்ணி சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தி ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை நேரே துணி வாளிப் பக்கம் நடந்தாள்.

"நில்லு" என்றான் மெக்கானிக். "அண்ணி, ஒண்ணு சொல்லணும். என்னோட மணி நேரத்துல நான் எதுவும் பண்ணல."

அண்ணி துடைப்பதை நிறுத்தவில்லை. "எந்த நாள்?"

"எந்த நாளும் பண்ணல. முதல் நாள் ஏழு நிமிஷம். அதோட சரி. சும்மா முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன்னு போன் மட்டும் பண்ணிட்டிருந்தேன்."

சித்தியின் கத்தி நின்றது. "அடப்பாவி. நான் இடுப்பு ஒடிய உட்கார்ந்து உன் கையில குடுத்தேனேடா."

அவன் விடவில்லை. வருகிற வழியெல்லாம் யோசித்துக் கோத்து வைத்திருந்தான். அவன் கணக்கில் அது அசைக்க முடியாத வாதம். "கேளுங்க அண்ணி. சங்கிலி ஒன்பதாம் நாள் அறுந்ததுன்னு நெனைக்கிறீங்க. முதல் நாளே அறுந்தாச்சு. தினமும் ஒரு மணி நேரம் அறுந்துதான் கிடந்துச்சு. ஆனா எட்டு நாளும் அண்ணன் தேறிக்கிட்டே வந்தாரு. அப்ப என்ன அர்த்தம்? கதவு திறந்திருக்கும்போதும் லிஃப்ட் ஓடுதுன்னா, அந்தக் கதவுக்கும் லிஃப்ட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு அர்த்தம். இவ தூங்கினதால ஒண்ணும் ஆகல. நான் பண்ணாததாலயும் ஒண்ணும் ஆகல. கிருமி வந்துச்சு, அண்ணன் போயிட்டாரு."

சொல்லி முடித்ததும், ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலிருந்தது.

அண்ணி துணியை மடித்து மேசைமேல் வைத்தாள். முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. விடுபட்டிருந்த ஒரு பாடவேளை அட்டவணையில் எங்கே ஒளிந்திருந்தது என்று கண்டுபிடித்துவிட்ட முகம்.

"எட்டு நாள் பொறுத்துப் பாத்திருக்காரு" என்றாள்.

"யாரு?"

"கடவுள்தான். எட்டு நாள் உங்களுக்காகப் பொறுத்திருக்காரு தம்பி. இன்னிக்குப் பண்ணுவான், நாளைக்குப் பண்ணுவான்னு. உங்க அண்ணனைக் கையிலயே பிடிச்சு வச்சுக்கிட்டு, நீங்க கேக்கணும்னு காத்துக்கிட்டு இருந்திருக்காரு. கூடப்பிறந்தவன் கேக்கலையே."

மெக்கானிக்கின் தொழிலில் எதையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிடலாம். ஓடினாலும் நிரூபணம், நின்றாலும் நிரூபணம் என்கிற ஒன்றை எந்த முனையில் தொட்டுப் பார்ப்பது? அதைவிடக் கொடுமை, அந்த வாக்கியம் அவனுக்குள் எங்கேயோ போய்ச் சரியாகப் பொருந்திக்கொண்டது.

"அண்ணி," என்றாள் தங்கை. "அப்ப நான் தூங்கினது?"

"நீ அசதியில தூங்கினே. தூங்கினதையும் மறைக்காம சொன்னே." அண்ணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்க வா. எலும்பா இருக்கே. ஒரு மாசமா உன்னைப் பாக்காம விட்டுட்டேனே."

தங்கை அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். அண்ணியும் அழுதாள். சித்தி எழுந்து வந்து இருவர் முதுகையும் தடவிக்கொடுத்தாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் கதவுக்குப் பக்கத்தில் நின்றான். போ என்று யாரும் சொல்லவில்லை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டபோது இரு என்றும் சொல்லவில்லை.

அவன் வாசலைத் தாண்டியபின் தங்கை பின்னாலேயே வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தான்.

"ஒரு மாசம்" என்றாள். "நான் பாத்திரம் தேய்ச்சதை எல்லாம் பாத்துக்கிட்டுதானே இருந்தே?"

"ஆமா."

"தெரிஞ்சும் எப்படி சின்னண்ணே சும்மா இருந்தே?"

"நான் கேட்டிருந்தா மட்டும் பொழைச்சிருப்பாருன்னு நீயும் நெனைக்கிறியா?" என்றான்.

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "தெரியல. ஆனா நீ கேட்டிருக்கலாம்ல?"

உள்ளே அண்ணி அவளைக் கூப்பிட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு இங்க வராதே. உன்னைப் பாத்தா அண்ணிக்குக் கஷ்டமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். கதவுக்கு உள்ளே தட்டு வைக்கிற ஓசை, நாற்காலி இழுக்கிற ஓசை. சித்தி ஏதோ சொன்னாள். அப்புறம், "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி" என்று தங்கை கேட்பது அவன் காதில் விழுந்தது.