வயலின்களுக்கு நடுவே ஓர் இருமல்

கம்ப்யூட்டருக்கென்று பதிவுசெய்து விற்கப்படும் வயலின் ஒலிகளை வைத்தே ஒரு படத்துக்கு இசையமைத்து முடித்த இசையமைப்பாளர், நிஜ ஆட்கள் வாசித்ததுபோல் தோன்றட்டுமென்று தன் நாற்காலியின் கிறீச்சையும் மனைவியின் இருமலையும் நடுவே சேர்த்துவிட்டார். கேட்ட இயக்குநர் உருகிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இருமிக்கிட்டே ஒருத்தர் உடம்பு முடியாமலும் வந்து வாசிச்சிருக்காரே, அவரைப் பார்க்கணும் சார். அடுத்த படத்துக்கும் இதே குழுதான்."

அடுத்த படம் கைநழுவுவது இசையமைப்பாளருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் பொய்யை வளர்க்கத் தெம்பில்லை.

"வாசிச்சதெல்லாம் இந்தப் பெட்டிதாங்க. இருமினவ உள்ளே இருக்கா."

இயக்குநர் நேரே உள்ளே போனார். "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நீங்களாவது கேட்டீங்களே! இந்த மனுஷன், 'சரியாப் பதியலை, இன்னொரு தடவை இருமு'ன்னாரு."

"அடுத்த படத்துக்கு நிஜமா வாசிக்கிற ஆளுங்களையே கூப்பிடுங்க சார்," என்றார் இயக்குநர்.

இசையமைப்பாளர் பெரிதாகத் தலையாட்டினார். நாற்பது பேர் வந்து உட்கார்ந்து வாசித்தாலும் இவளைப்போல் மானத்தை வாங்க மாட்டார்கள்.