பின் தெருவில் போன பெரியவர்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கடைப் பை ஒன்றை மறைக்கப் போய், மாமனாரையே தொலைக்க இருந்த ஒரு மருமகளின் கதையைச் சொல்கிறேன். நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த மருமகள் பொல்லாதவள் இல்லை. மாமனாருக்கு ஞாபகம் கரைந்துகொண்டே வந்தது. பல் தேய்த்தோமா என்பதைக்கூட அவளிடம்தான் கேட்பார். ஆனால் மாலை நடையை மட்டும் விடமாட்டார். முன் தெரு வழியாகத் தனியாகப் போவார், தனியாகவே திரும்புவார். "தலை மறந்தாலும் மாமாவுக்குக் கால் மறக்கல" என்று அவள் கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பெரிய சாலையில் ஒரு பெருங்கடை திறந்தார்கள். குளுகுளுவென்று காற்று, தள்ளிக்கொண்டு போக வண்டி, ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா. மருமகளும் போகத் தொடங்கினாள். அந்தக் கடைப் பைதான் வில்லங்கம். ஆரஞ்சு நிறம், தெருக்கோடியிலிருந்தே கண்ணைப் பறிக்கும். கல்யாணமாகி வந்த நாள் முதல் உப்பிலிருந்து ஊசிவரை கொடுத்த முன் தெரு மூலைக்கடை அக்கா முன்னால் அதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது? அவள் பின் தெரு வழியாக வரப் பழகினாள். மாமனார் அக்காவிடம் எதையாவது உளறிவிடுவாரோ என்று அவர் நடையையும் மாற்றினாள். "முன் தெருவுல நாய்த் தொல்லை மாமா, இப்படிப் போங்க" என்று ஒரு பொய். கூடவே நடந்து, பின் தெருவைக் காலுக்குப் பழக்கியும் விட்டாள்.

ஒருநாள் பொழுது சாய்ந்தும் அவர் திரும்பவில்லை.

பின் தெருவுக்கு ஓடினாள். இரண்டு பக்கமும் மொட்டை மதில். ஒரு வாசல் இல்லை, கேட்க ஒரு முகம் இல்லை. தெரு முடிந்த இடத்தில் பெரிய சாலை. லாரிகள் பேய் பிடித்தாற்போல் பறந்தன. கணவனுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. பெருங்கடைக்குள் புகுந்து, பணம் வாங்கும் பெண்ணிடம், "வயசானவர், வெள்ளச் சட்டை, இந்தப் பக்கம் வந்தாராம்மா?" என்றாள்.

"நான் இன்னிக்குத்தான் வேலைக்கு வந்தேங்க. கேமரால பாக்கணும்னா மேனேஜர் வரணும். அவர் நாளைக்குத்தான் வருவார்." பாவம், அந்தப் பெண் மேல் என்ன குற்றம்!

மருமகள் வெளியே ஓடிவந்தாள். போக இன்னும் ஒரே ஒரு வாசல்தான் பாக்கி.

மூலைக்கடை அக்கா தலை நிமிராமலே, "யாரு, நம்ம மகாராணியா? இந்தத் தெரு இன்னும் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சா?" என்றாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "என்னடி ஆச்சு?"

"மாமாவக் காணோம்க்கா. நான்தான்... பின் தெருவுல போகச் சொன்னேன்."

அக்கா திடுக்கிட்டாள். "அடிப் பாவி! அவர் தானா வீடு வந்து சேந்தார்னா நெனச்சே? தெனம் அந்த முக்குல தெகச்சு நிப்பார். நான் 'பெரியவரே, வீடு இந்தப் பக்கம்'பேன். என்னைத் தாண்டிட்டா சலூன்காரர் திருப்பி விடுவார். கொஞ்ச நாளா ஆளக் காணோமேன்னு பாத்தேன். உன் வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போறார்னு நெனச்சேன்."

அக்கா கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு ஒரு குரல் கொடுத்தாள். சலூன்காரர் கத்தியும் கையுமாக வந்தார். பின்னாலேயே, பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளர்.

"நீங்க எங்கய்யா வர்றீங்க? போய் உக்காருங்க."

"மீதியை யார் செரைப்பா? நானும் வர்றேன்!"

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள். பக்கத்துக் கடைத் தையல்காரர் தேடிப் போக வண்டியை எடுத்தார். சலூன்காரர் சாலைக்கு அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போன் போட்டார். காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றார். அந்த நேரம் மருமகள் உயிர் உயிராக இல்லை.

"இருக்காரு" என்றார். "வாங்க."

சாப்பாட்டுக் கடையில், மூலை மேசையில், தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார் மாமனார். முழங்கை சிராய்த்திருந்தது. கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"நடு ரோட்டுலம்மா! லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், இவர் நின்னுட்டார். ஓடிப்போய் இழுத்தேன். மொகம் தெரிஞ்ச மொகம். ஆனா எந்த வீடுன்னு ஞாபகம் வரல. நீங்கல்லாம் கடைப்பக்கம் வந்து எத்தன நாளாச்சு? யாருக்குன்னு போன் போடுவேன்?"

மாமனார் அவளைப் பார்த்தார். "வந்துட்டியாம்மா? சாப்பிட்டியா?"

அவள் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்தப் பையை வேணும்னாலும் தூக்கிட்டு வா. எங்க கண்ணு முன்னால வா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ. நாங்க காத்தக் குடிச்சிட்டுக் கடைய தெறந்து வெக்க முடியாது. கடை மூடுச்சுன்னா நம்ம தெருவும் மதிலுதான்."

"தெரியுதுக்கா" என்றாள் மருமகள். கடைக்காரரிடம், "அண்ணே, எங்களுக்கும் தட்டு போடுங்க. எங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்றேன்" என்றாள்.

என் தங்கங்களே, உங்கள் வீட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு காலும் பத்திரமாக வாசல் திரும்பட்டும். பேர் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் உங்கள் தெருவில் குறையாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் அவர்கள் அடுப்பும் சேர்ந்தே எரியட்டும்.