சமையலறையில் கூடிய சபை

சட்டசபை உறுப்பினர் வீட்டுக்குள் நுழையும்போதே வாயெல்லாம் பல்லாக இருந்தது. உறுப்பினர்களின் சம்பளத்தை உயர்த்தும் மசோதா அன்று காலைதான் சபையில் நிறைவேறியிருந்தது. பயணப்படி, போன் படி, ஓய்வூதியம் என்று எல்லாமே ஏறிவிட்டன. ஆண்டு முழுக்கக் கீரியும் பாம்புமாக இருக்கும் இரு தரப்பும் இதில் மட்டும் ஒரே குரலில் 'ஆம்' என்றன. சபையில் இதுவரை வாயே திறக்காத நம்மவருக்குத் தொகுதியில் 'கைதூக்கி' என்று பெயர். அந்தக் கைதான் எல்லாக் கைகளுக்கும் முன்னால் உயர்ந்தது.

இதைக் கொண்டாட அன்று மாலை சக உறுப்பினர்களுக்கு வீட்டில் விருந்து. அமைச்சரும் வருகிறார். அவர் வயிறு குளிர்ந்தால் தனக்கு ஒரு வாரியத் தலைவர் பதவி நிச்சயம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தார் கைதூக்கி. அதற்குத் தனிச் சம்பளம், தனிக் கார்.

சமையல் எந்த அளவில் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுப்பே பற்றவைக்கவில்லை. காய்கறி நறுக்கப்படாமல் கூடையில் கிடந்தது. சமையல்காரம்மா கரண்டியும் கையுமாக முக்காலியில் அமர்ந்திருக்க, டிரைவரும் தோட்டக்காரரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"சபை இன்னும் கலையலீங்க. உங்க ஒப்புதலுக்குத்தான் காத்திருக்கோம்" என்றார் டிரைவர்.

விஷயம் இதுதான். மூவரும் சம்பள உயர்வு கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள். கேட்கும்போதெல்லாம் நிலைமை சரியில்லை, பார்க்கலாம் என்று கைதூக்கி தட்டிக்கழிப்பார். அன்று காலை சபை நடவடிக்கையை டிவியில் பார்த்த சமையல்காரம்மாவுக்கு, அட, இவ்வளவு சுலபமா என்று தோன்றிவிட்டது. உடனே சமையலறையில் சபையைக் கூட்டினார். டிரைவர் தீர்மானத்தை முன்மொழிந்தார். தோட்டக்காரர் முறைப்படி எதிர்த்துப் பேசி, பின்கதவு வழியாக வெளிநடப்பும் செய்தார். ஓட்டெடுப்புக்கு மறக்காமல் திரும்பிவிட்டார். பாத்திரத்தில் கரண்டியால் ஒரு தட்டு. சம்பளம் ஏகமனதாக இரட்டிப்பானது.

கைதூக்கிக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க சம்பளத்தை நீங்களே ஏத்திக்குவீங்களா? பணம் குடுக்கிறவன் நான். என்னைக் கேக்க வேணாமா?"

"நாங்க வாங்குற சோப்புக்குக்கூட வரி கட்டுறோம் ஐயா. உங்க சம்பளம் அதுலேருந்துதான் வருது. எங்களைக் கேட்டீங்களா? நாங்க செஞ்சது தப்புன்னா, காலையில நீங்க செஞ்சது என்னங்க?" என்றார் சமையல்காரம்மா.

கைதூக்கி வாயைத் திறந்தார். சபையில் பழகாத வேலையாதலால் வார்த்தை வரவில்லை. அதற்குள் வாசலில் கார்ச் சத்தம். சாப்பாட்டுக்கு மட்டும் முன்கூட்டியே வரும் அமைச்சர் வந்துவிட்டார். பழக்கதோஷத்தில் கைதூக்கியின் கை தானாக உயர்ந்தது. அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு சமையல்காரம்மா அடுப்பைப் பற்றவைத்தார்.

விருந்து தாமதமானாலும் பிரமாதமாக இருந்தது. கைதூக்கி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அந்தம்மா கேட்டது உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. அமைச்சர் ஏப்பம் விட்டபடி, இந்தச் சம்பளமும் போதாது, அடுத்த கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாமா என்று கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன, ஒன்றைத் தவிர.

கைதூக்கி எழுந்து நின்றார். "தன் சம்பளத்தைத் தானே முடிவு பண்ற உரிமை யாருக்கும் இருக்கக் கூடாதுங்க. குடுக்கிற மக்களைக் கேட்டுட்டுத்தான் ஏத்தணும்."

அமைச்சர் கை கழுவ எழுந்தார். வாரியத் தலைவர் பதவி அந்த நிமிடமே கைநழுவிப் போனது. சமையலறையிலிருந்து மட்டும் பாத்திரத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது.