மண் கரைத்த தண்ணீர்

இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்போல இருந்தது ருக்குவுக்கு. விடியலில் தொடங்கி மல்லேஸ்வரத்தில் எட்டுத் தெரு பெருக்கிவிட்டு ஸ்ரீராம்புரம் திரும்பியவள், கதவைத் தள்ளினாள். அவள் புருஷன் கோவிந்தப்பா, கஞ்சி ஊற்ற மூக்கில் போட்டிருந்த டியூபைப் பிடுங்கி, ஒழுங்காகச் சுருட்டித் தலையணைமேல் வைத்திருந்தார்.

தொண்டைப் புற்று. பேச்சு போய் மூன்று மாதம். முப்பது வருஷம் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிய மனுஷன், இப்போது ஒரு மூட்டை எடைகூட இல்லை. டியூப் போடும்போதே வேண்டாமென்று கையை ஆட்டினார். அவர் தம்பி பிரகாஷ்தான், "சோறு போடாம சாவடிச்சோம்னு பேசுவாங்க அண்ணி, சைன் போடுங்க" என்றான். போட்டாள்.

"மறுபடி போட்டுக்கலாங்களா?"

அவர் உள்ளங்கையால் மூக்கை மூடிக்கொண்டார்.

வீடு வந்து வலிமருந்து கொடுக்கும் நர்ஸ் டேரில் சாயங்காலம் வந்தார். கோவிந்தப்பாவிடமே மூன்று தடவை கேட்டார். டியூப் வேண்டாம் என்று எழுதிய காகிதத்தை நீட்ட, கோணல்மாணலாகக் கையெழுத்து விழுந்தது.

"புத்தி தெளிவா இருக்குதுக்கா. வேணாம்னு சொல்ல அவருக்கு உரிமை இருக்குது. நீங்க கொன்னதா ஆகாது."

"இதுக்கு ஒரு ஊசி போட்டு முடிச்சா தேவலையே."

"அதுக்கு நம்ம சட்டத்துல எடமில்ல. வலி தெரியாம நான் பாத்துக்கறேன். உதட்ட மட்டும் ஈரமா வெச்சிருங்க."

மறுநாள் குழாயடிக்கே தெரிந்துவிட்டது.

"உசுரு குடுத்தவன்தான் எடுக்கணும். பட்டினி போடுறது கொலைடி" என்றாள் எதிர்வீட்டு லட்சுமம்மா.

"நான் பெருக்குற தெருவுல ஒரு வக்கீலோட அம்மாவுக்கு மூச்சு மெஷின எடுத்தாங்க. மரியாதையான சாவுன்னு தெருவே மெச்சிக்கிச்சு."

"அவங்க படிச்சவங்க."

"உன் கொடம் ரொம்பிடுச்சு. நகரு."

மூன்றாம் நாள் பிரகாஷ் வந்தான். "ஆம்புலன்ஸ் கூப்புடட்டா?" என்று அண்ணனிடம் குனிந்தான். அந்த உள்ளங்கை மெல்ல ஊர்ந்து மூக்குக்குப் போயிற்று. வெளியே போய் உட்கார்ந்தவன் இருட்டிய பிறகுதான் எழுந்தான்.

ஆறாம் நாள் காலையிலிருந்து மூச்சு இழுத்தது. எதிர்வீட்டுக்கே கேட்டிருக்க வேண்டும். லட்சுமம்மா ஒரு தம்ளரோடு வந்து நின்றாள். உள்ளே செம்மண் நிறத்தில் தண்ணீர்.

"இழுத்துக்கிட்டே கெடக்குறாரு, பாக்க முடியல. மண்ணாசை இருந்தா உசுரு லேசுல போகாது. ஊத்து, போயிடுவாரு."

"அவருக்கு எங்க இருக்குது நெலம்? வாடக ஊட்டுல கெடக்குறாரு."

"எங்க துளசித் தொட்டி மண்ணுதான். மண்ணு மண்ணுதானே."

ருக்கு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "கொலைன்னு சொன்னியே."

"இது வேற."

வாசலில் நின்ற ஐந்தாறு பேரும் ஆமாம், இது வேறதான் என்பதுபோல நின்றார்கள். "ஊத்துங்க அண்ணி" என்றான் பிரகாஷும்.

ருக்கு தம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். பஞ்சை நல்ல தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். ஒற்றிக்கொண்டே இருந்தாள். பதினோரு மணி சுமாருக்கு அடுத்த மூச்சு வரவில்லை.

"மண்ணக் கண்ணால கண்டதும் போயிட்டாரு பாரு" என்று லட்சுமம்மா வெளியே சொல்வது கேட்டது. சொல்லிவிட்டு அவள்தான் முதலில் அழுதாள்.

மூன்று மணிக்குப் பாடை தயாரானது. பிரகாஷ் உள்ளே வந்தான்.

"அண்ணன் யாருக்காச்சும் பாக்கி வெச்சிருக்காரா அண்ணி? எடுக்கறதுக்கு முன்ன கேட்டுடணும்."

"அவரு யாருக்கும் வெக்கல."

அவர் மூக்கோரத்தில், டியூபைப் பிடித்திருந்த பிளாஸ்திரியின் பசை கறுப்பாக ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினால் தோல் உரியும். துணியை அங்கேயே வைத்து ஊறவிட்டாள்.

அவர் வேண்டாமென்றும் அவள் சைன் போட்டதிலிருந்து அவரே டியூபைப் பிடுங்கிய நாள்வரை நாற்பத்தொரு நாள். அது அவருக்கு அவள் பட்ட கடன்.