ஃபாதரிடம் சொன்ன ஆமாம்

டாக்டர் பெடோயா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டரையிலிருந்தே வில்மருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. காஸை மூடினான். மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தான். காய்ந்த துணிகளை மடித்தான். மடித்ததை உதறி மறுபடி மடித்தான்.

உள்ளறையில் அவன் மனைவி நிடியா படுத்திருந்தாள். முப்பத்தொரு வயது. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்ற நோய் கண்களை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. அந்தக் கண்களால்தான் ஆஸ்பத்திரியின் மூன்று பேர் கொண்ட குழுவிடம் சட்டப்படி தன் சாவைக் கேட்டு வாங்கினாள். நாளையும் அவளே குறித்தாள். இன்று, வியாழன்.

கெடுத்தது நேற்று சாயங்காலம். அவள் அம்மா ஒஃபெலியா அழுது புரண்டு ஃபாதரை அழைத்து வந்திருந்தாள். உயிர் போக்கும் ஊசியைக் கைவிட அவள் ஒப்புக்கொள்ளாமல், சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெயைப் பூச முடியாது என்றார் ஃபாதர். வில்மர் நிடியாவின் காதருகே குனிந்தான்.

"அம்மாவுக்காக ஆமான்னு சொல்லிடு. நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்றதுதான் செல்லும்."

அவள் அவனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேலே பார்த்தாள். ஃபாதர் நெற்றியில் எண்ணெய் பூசினார்.

இப்போது டாக்டரும் நர்ஸும் படியேறி வந்ததும் ஒஃபெலியா வாசலை மறித்துக்கொண்டாள்.

"வந்த வழியே போங்க டாக்டர். என் பொண்ணு மனசு மாறிட்டா. ஃபாதர் முன்னாடியே சொல்லிட்டா."

டாக்டர் பையைக் கீழே வைக்கவில்லை. "அப்படியா வில்மர்?"

"அது வந்து டாக்டர்..."

"என்ன வந்து போயி? என் தங்கச்சி பக்கத்து நாட்டுல, காரகாஸ்ல இருக்கா. அங்க இதுக்கு ஜெயிலாம். இங்க என்னடான்னா நேரம் குறிச்சு வீட்டுக்கே ஆள் அனுப்புறாங்க!"

"உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னா அத்தை."

"ரெண்டு பேர் பேச்சும் எனக்கு வேண்டாம்," என்றார் டாக்டர். "மனசு மாறிட்டான்னு காதுல விழுந்துடுச்சு. இனி அவகிட்டயே தனியா கேக்கணும். துளி சந்தேகம் வந்தாலும் திரும்பிடுவேன். மனுவை முதல்லேர்ந்துதான் போடணும்."

முதலிலிருந்து என்றால் வாரக்கணக்கு. போன வாரத்திலிருந்து நிடியாவின் இமைகளே சரியாக எழவில்லை. அதுவும் நின்றுவிட்டால் யாரிடம், எதைக் கொண்டு கேட்பாள்?

டாக்டரும் நர்ஸும் ஒஃபெலியாவைத் தாண்டி உள்ளறைக்குள் போக, கதவு சாத்திக்கொண்டது.

வில்மர் நடைவழியில் போய் வந்தான். வெளியே மானிசாலெஸ் ஊரின் மலைச்சரிவு முழுக்க மூடுபனி. ஒஃபெலியா வெல்லத் தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி. கொலைகாரனானாலும் வெறும் வயித்தோட நிக்கக் கூடாது."

வாங்கினான். குடிக்காமலே நடந்தான். கோப்பை தளும்பிக் கை சுட்டது.

கதவு திறந்தது.

"மூணு விதமா மாத்தி மாத்திக் கேட்டேன்," என்றார் டாக்டர். "மூணுக்கும் ஒரே பதில்தான். இன்னைக்கே வேணுமாம்." ஒஃபெலியா பக்கம் திரும்பினார். "எழுத்துப் பலகையில ஒவ்வொரு எழுத்தா கண்ணால காட்டி இன்னொண்ணும் சொன்னா. உங்ககிட்ட பொய் சொன்னதுக்கு மன்னிப்பு. நீங்க பக்கத்துல இருக்கணுமாம்."

"எண்ணெய் பூசிக்கிறதுக்கே பொய்யா?" ஒஃபெலியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் வளர்ப்பு அப்படி இல்லையே."

"நான்தான் சொல்லச் சொன்னேன் அத்தை. அவளைத் திட்டாதீங்க."

"நீயா? அவளை அனுப்ப உனக்கு அவ்வளவு என்னடா அவசரம்?"

"அவசரமா?" அவன் நடையை நிறுத்தினான். "உள்ளேர்ந்து 'இல்ல'ன்னு ஒரு பதில் வந்துடாதான்னு இவ்வளவு நேரம் நடந்துட்டிருந்தேன் அத்தை. வந்திருந்தா உங்க கால்ல விழுந்திருப்பேன்."

ஒஃபெலியா அவன் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தலையைக்கூட வாரி விடலையேடா, பாவி."

சீப்பை எடுத்து வாரினாள். சிக்கே இல்லாத தலை. ஆனாலும் வாரிக்கொண்டே இருந்தாள். டாக்டர் காத்திருந்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் ஒஃபெலியாவே பின்னி முடித்து, மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆகட்டும் டாக்டர்," என்றாள். "காத்திருக்கிறதுன்னா சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு ஆகாது."

வில்மர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான்.