மேட்டில் இருக்கிற ஒரே அறை

எங்கள் சந்துக்கு இது ஐந்தாவது கணக்கெடுப்பு. முதலில் வந்தவர்கள் கழிவறை இல்லாத வீடுகளுக்குக் கட்டித் தருவோம் என்றார்கள், கட்டியும் தந்தார்கள். அடுத்து வந்தவர்கள், கட்டிக் கொடுத்ததைப் பயன்படுத்தாத வீடுகளுக்கு அபராதம் என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய ஆள் யாராவது சந்துக்குள் நுழைந்தால் போதும், எல்லா வீட்டிலும் அடித்துப் பிடித்துக் கழிவறையைக் கழுவி, வாளியும் சோப்பும் எடுத்து வைத்துவிடுவோம். என்ன கேட்க வந்திருக்கிறார்கள் என்று நின்று விசாரிக்கிற புத்தி ஒருத்திக்கும் கிடையாது. எனக்கும்தான்.

எங்கள் வீட்டுக் கழிவறையை வெள்ளத்தில் முழுகக் கூடாதென்று நாலடி மேடை போட்டுக் கட்டினார்கள். நல்ல சிமெண்டு, நல்ல தகரக் கதவு. குழியை மட்டும் பள்ளத்தில் தோண்டித் தொலைத்தார்கள். முதல் மழையிலேயே குழி நிரம்பிவிட்டது, மேலே ஊற்றுவது எதுவும் கீழே இறங்கவில்லை. நாங்கள் பழையபடி ரோட்டோரப் பொதுக் கழிப்பிடத்துக்கே நடந்தோம். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வந்த வெள்ளம் இப்போது மூன்று முறை, நான்கு முறை வருகிறது. வடிந்தாலும் தரை காய்வதில்லை. மொத்த வீட்டிலும் காய்ந்து கிடக்கிற இடம் அந்தக் கழிவறை ஒன்றுதான்.

அதனால் மாமனார் அங்கே இருக்கிறார். கொத்து வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். கட்டில் போட்டுப் பார்த்தோம், வெள்ளம் கட்டிலையும் மூழ்கடித்தது. முதுகில் புண் வந்து சீழ் பிடித்தபோது டாக்டர், "காஞ்ச இடத்துல படுக்க வைக்க முடியலன்னா என்கிட்ட எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். என் புருஷன் லாரியில் போனால் வீடு திரும்பப் பத்து நாளாகும். நான்தான் பலகை வாங்கிப் பீங்கானை மூடி, மெத்தை போட்டு, மூலைக்கு மூலை அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். புண் ஆறியது.

இதற்காக அவர் எனக்கு மாலை போட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. கஞ்சி கொண்டுபோனால் உப்பில்லை என்பார், உப்புப் போட்டால் கொல்லப் பார்க்கிறாயா என்பார். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன்.

அன்றைக்கு அட்டைக்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமனாரைக் கழிவறையில் வைத்திருக்கிறாள் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் என் மானம் என்னாவது? பக்கத்து வீட்டு வெல்டரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அவரைத் தூக்கி வந்து வீட்டுக்குள் ஈரத் தரையில் தார்ப்பாய் விரித்துப் போட்டோம். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நான் பலகையை எடுத்துவிட்டுச் சோப்பு வைத்தேன்.

வந்தவனுக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை. கையில் டேப்லெட், எதைச் சொன்னாலும் அதில் ஒரு தட்டு, ஒரு டிக். சந்தில் அவனுக்கு டிக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"கழிவறை பயன்பாட்டுல இருக்கா?"

"தெனமும்."

"படுத்த படுக்கையா யாராச்சும் இருக்காங்களா?"

"மாமனாரு. இதோ, வீட்டுக்குள்ளதான் படுத்திருக்காரு."

"தரை ஈரமா இருக்கே?"

"இப்பத்தான் தொடச்சேன்," என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. அவன் கழிவறையையும் சோப்பையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அது அபராதக் கணக்கு இல்லை. இருக்க லாயக்கில்லாத நாற்பது வீடுகளைத் தூண் போட்டு உயர்த்திக் கட்டித் தருகிற கணக்கு. பட்டியலில் நாங்கள் இல்லை. என் ஓரகத்தி வீடு இருந்தது. அன்றைக்கு அவள் வெளியே போயிருந்ததால், அவள் கழிவறையில் கோழிகள் கிடந்தபடியே கிடந்தன. இரண்டு வருஷமாக என்னோடு பேசாதவள், அதைச் சொல்வதற்கென்றே வாசலுக்கு வந்தாள்.

"கோழி கெடந்த வீட்டுக்கு வீடு வருது. சோப்பு வெச்சவ சோப்பையே வெச்சுக்க வேண்டியதுதான்."

அவள் முகத்தில் துப்பாமல் விட்டதே பெரிது. நேராக அவர்கள் ஆபீசுக்குப் போய் மேசையைத் தட்டிக் கத்தினேன். மறுநாளே டிக்கு வந்தான். நான் கழிவறைக் கதவைத் திறந்து காட்டினேன். மாமனார் பலகை மேல் படுத்தபடி அவனை முறைத்தார்.

"அன்னைக்கு சோப்பு இருந்துச்சு. இன்னைக்கு ஆள் இருக்காரு," என்றான் டிக்கு. "இது நேத்து செட்டப் பண்ணதுன்னு சொல்லுவாங்க."

"அன்னைக்குத்தான்யா பொய் சொன்னேன். எட்டு மாசமா இவரு இங்கதான் இருக்காரு. தரை காயாது. நீயே தொட்டுப் பாரு."

அவன் தொடவில்லை. "வீட்டுக் கேள்விக்கெல்லாம் பதில் பதிவாயிடுச்சு, இனி மாத்த முடியாது. ஆனா எட்டு மாசமா ஒரு பெரியவரக் கழிவறையில அடைச்சு வெச்சிருக்கேன்னு நீங்களே சொல்றீங்க. அத நான் போட்டே ஆகணும். அதுக்குத் தனியா கட்டம் இருக்கு." ஒரு தட்டுத் தட்டினான்.

அடுத்த வாரம் வேன் வந்தது, வீடு கட்ட இல்லை. முதியோர் காப்பகத்திலிருந்து இரண்டு ஆட்கள், கூடவே டிக்கு. சந்தே கூடி நின்றது. காப்பகத்துக்காரி எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டாள்.

"பெத்த அப்பனா இருந்தா இப்படிக் கக்கூஸ்ல போடுவீங்களாம்மா?"

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம், போகட்டும், தொல்லை விட்டது என்றுதான் தோன்றியது. அதை நினைத்தபோதே என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. நான் எதைச் சொன்னாலும் இவர்களுக்கு அது இன்னொரு தட்டு, அவ்வளவுதான்.

அவர்கள் மேடையேறினார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அந்த அறையின் அகலம் அவ்வளவுதான், படுத்தபடியே கை எட்டும்.

காப்பகத்துக்காரி கதவைத் தட்டினாள்.

"உள்ள ஆள் இருக்கு," என்றார் மாமனார்.

சந்து முழுக்கச் சிரித்தது. அவள் மறுபடியும் தட்டினாள். "பெரியவரே, பயப்படாதீங்க. உங்கள இந்தக் கொடுமையிலருந்து கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்."

"எது கொடும? இந்த வீட்டுல காஞ்ச எடம் ஒண்ணுதான் இருக்கு. அத எனக்குக் குடுத்துட்டு அவ ஈரத்துல படுக்கறா. ராத்திரியெல்லாம் இருமுறா, எனக்குத் தூக்கம் வரல. கூட்டிட்டுப் போறதுன்னா அவளக் கூட்டிட்டுப் போங்க."

நான் இருமுவது எனக்கே தெரியாது. பதினாறு வருஷத்தில் அந்த மனுஷன் எனக்காகப் பேசிய முதல் பேச்சு, அதையும் தகரக் கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, எரிந்து விழுந்துதான் பேசினார். எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. அடக்கவில்லை, அழுதேன்.

டிக்கு டேப்லெட்டை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "இத எதுல போடுறதுன்னு தெரியலைங்க," என்றான்.