ஜாஸ்லின் கேட்ட ஜெபம்

பாங்காக்கில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஜாஸ்லின் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவன் சூசைராஜும் ஐந்து வயது மகள் ஹன்னாவும் யாங்கோனில், அலோன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஆறரைக்கு ஜாஸ்லின் போனில் வருவாள். ஜெபத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுப்பாள். ஹன்னா கைகூப்பித் திருப்பிச் சொல்வாள். சூசைராஜ் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். மூத்த பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே இறந்த பிறகு அவன் ஜெபம் செய்ததில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் லைன் போனது. மறுநாளும் வரவில்லை. ஹன்னா இருண்ட போனைச் சுவரில் சாய்த்துவைத்து முழங்காலிட்டாள்.

"அம்மா வரல. நீ சொல்லுப்பா."

"எனக்கு மறந்துபோச்சு, கண்ணு."

"பயாவுக்கும் லைன் போயிருச்சா?"

கடவுளை அவள் பர்மியர்கள் மாதிரி பயா என்றுதான் சொல்வாள். சூசைராஜ் மெல்ல அவள் பக்கத்தில் முழங்காலிட்டான்.

"உன் மனசுல இருக்கிறதைச் சொல்லு. அது போதும்."

பள்ளித் தோழி ஸமீராவின் காய்ச்சலைச் சொன்னாள். மாடிப்படியில் நனைந்துகொண்டிருந்த பூனையைச் சொன்னாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உன் மனசுல யாருப்பா?"

"டேனி" என்றான். அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி ஏழு வருடம் ஆகியிருந்தது. "உன் அண்ணன். பயாகிட்ட இருக்கான்."

அன்றிலிருந்து இருவரும் தினமும் அப்படித்தான் முழங்காலிட்டார்கள்.

பதினேழாம் நாள் லைன் வந்தது. திரையில் ஜாஸ்லினின் முகம் மெலிந்திருந்தது.

"வா செல்லம், ஜெபம் பண்ணலாம். அம்மா சொல்றதைத் திருப்பிச் சொல்லு."

"வேணாம்மா. நானே சொல்றேன், நீ கேளு."

பாதி தமிழும் பாதி பர்மியமுமாக ஹன்னா ஆரம்பித்தாள். டேனியின் பெயர் வந்ததும் ஜாஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்குப் பின்னால் சூசைராஜ் முழங்காலிட்டிருப்பதைப் பார்த்தாள்.

"நீங்களா சொன்னீங்க?"

"அவ கேட்டா, சொன்னேன்."

"அப்ப நான் அங்க இல்லாமப் போயிட்டேனே" என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை.

ஹன்னா திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"பேசாதீங்க. இன்னும் முடியல. அம்மா எப்ப வருவாங்கன்னு பயாகிட்ட கேக்கணும்."

ஜாஸ்லினும் கண்ணை மூடிக்கொண்டாள்.